கோலின் சத்தம் கேட்கட்டும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘பின்னூட்டம்’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். வளரறி மதிப்பீடு வந்த நாள் முதலாக நாம் அனைவரும் கேட்டுப் பழகிய சொல் இது. குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதுகிறோம், பதிவேட்டில் பதிகிறோம். அதைப் பற்றிப் பேச என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இந்த அறையிலேயே இருக்கிறார்கள். நான் கோலாட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். அறிவியல் ஆசிரியைக்கும் கோலாட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் சிரிக்கிறீர்கள். எங்கள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் கிடையாது; கலை ஆசிரியரும் கிடையாது. ஆகவே எந்த வேலைக்கு ஆள் இல்லையோ அந்த வேலை அறிவியல் ஆசிரியைக்கு வரும். உங்களில் பலருக்கும் இது தெரிந்த கதைதான்.

2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கியபோது, எங்கள் பள்ளியிலிருந்து கோலாட்டக் குழு ஒன்றை அனுப்ப முடிவு செய்தோம். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளிலிருந்து பன்னிரண்டு மாணவிகள். உள்வட்டத்தில் ஆறு பேர், வெளிவட்டத்தில் ஆறு பேர். முதல் எண்ணிக்கைக்குத் தன் கையில் உள்ள இரு கோல்களையும் தட்ட வேண்டும்; இரண்டாவதுக்கு எதிரில் இருப்பவரின் வலக்கைக் கோலோடு; மூன்றாவதுக்கு மறுபடி தன் கோல்கள்; நான்காவதுக்கு எதிராளியின் இடக்கைக் கோல். இப்படி இரு முறை ஆடி முடித்ததும் வெளிவட்டம் ஓர் இடம் நகரும். புதிய இணை வரும். அந்த நகரும் இடம்தான் கண்டம்.

மூன்று வாரம் பயிற்சி. நான் நடுவில் நின்றுகொண்டு உரத்த குரலில் “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று எண்ணினேன். யாராவது பிந்தினால் “அடி, அடி, இப்ப அடி!” என்று கத்தினேன். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு திருத்தம் சொன்னேன். ஒரு தவறைக்கூட விடவில்லை. மூன்றாவது வாரத்தில் பன்னிரண்டு பேரும் கடிகாரம் போல ஆடினார்கள். பார்க்க வந்த தலைமை ஆசிரியர் கைதட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வட்டார அளவிலான போட்டியன்று, பயிற்சி தந்த ஆசிரியர்கள் மேடை அருகே நிற்கக் கூடாது என்றார்கள். நியாயமான விதிதான். நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றேன். பாட்டு தொடங்கியது. முதல் இரண்டு சுற்று பிழையின்றிப் போயிற்று. மூன்றாவது முறை நகரும்போது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தட்டு தவறவிட்டாள். தவறியதும் அவள் தலையைத் திருப்பினாள். பயிற்சியில் நான் நிற்கும் இடத்தைத் தேடினாள். அங்கே நான் இல்லை. அதற்குள் எதிரில் இருந்தவளின் கோல் இவள் விரலில் பட்டது. கோல்களைத் தாழ்த்திக்கொண்டு நின்றுவிட்டாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து இன்னொருத்தி. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது வேனில் அவள் என்னிடம் சொன்னாள்: “டீச்சர், நீங்க எண்ணவே இல்லையே.”

அவள் குறை சொல்லவில்லை. எண்ணுவதும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்றே அவள் நினைத்திருந்தாள். அந்த நேரத்தில் எனக்கு அது புரியவில்லை. எனக்கு இருந்தது அவமானம் மட்டுமே. “மூணு வாரம் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தும் உனக்கு மட்டும் ஏறலையே” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவள், பையிலிருந்து இரு கோல்களையும் எடுத்து என் மேசை மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அதன் பிறகு அறிவியல் வகுப்பிலும் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

இன்று நான் சொல்ல வந்தது அந்த இரண்டு கோல்களைப் பற்றித்தான்.

யாருடைய சத்தம்?

என் அண்ணன் மகள் அப்போது உடற்கல்வியியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்தவளிடம், பயிற்சியின்போது கைப்பேசியில் எடுத்த காணொளியைக் காட்டிப் புலம்பினேன். “பாரு, எவ்வளவு நல்லா ஆடினாங்க! மேடையில மட்டும் இப்படி ஆயிடுச்சு” என்றேன். அவள் முழுவதும் பார்த்தாள். பிறகு, “அத்தை, இதுல கோல் சத்தமே கேக்கலையே. உங்க சத்தம்தான் கேக்குது” என்றாள்.

நான் மறுபடி போட்டுக் கேட்டேன். உண்மைதான். பன்னிரண்டு பேர், இருபத்து நான்கு கோல்கள். ஒன்றின் ஒலிகூடத் தெளிவாகக் கேட்கவில்லை. அத்தனைக்கும் மேல் என் குரல்.

கோலாட்டம் ஆடியவர்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் சரியான நேரத்தில் தட்டினால் ‘டக்’ என்று ஒற்றை ஒலி கேட்கும். வட்டத்தில் ஒருத்தி முந்தினாலும் பிந்தினாலும் அந்த ஒலி சிதறும். கோல் விளிம்பில் பட்டால் கை அதிரும். அதாவது, நேரம் சரியா தவறா என்று கோலே ஒவ்வொரு தட்டிலும் சொல்லிவிடுகிறது. அந்தச் சேதியைப் பிள்ளைகள் கேட்க முடியாதபடி மூன்று வாரம் மறைத்தது நான்தான்.

அவள் தன் பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து சில பக்கங்களைக் காட்டினாள். அதன் பிறகு நானும் தேடிப் படித்தேன். படித்ததில் நமக்குப் பயன்படுவதை மட்டும் இங்கே சொல்கிறேன். அதற்கு முன் ஒரு சின்னச் செயல்பாடு.

பத்து விநாடி

எல்லோரும் கைக்கடிகாரத்தை மறைத்துக்கொள்ளுங்கள். கண்களை மூடுங்கள். நான் ‘தொடங்கு’ என்றதும், பத்து விநாடி ஆகிவிட்டதாக உங்களுக்குத் தோன்றும்போது சத்தமில்லாமல் கையைத் தூக்குங்கள்.

(ஆசிரியர்கள் செய்தனர்.)

நன்றி. முதல் கை 7-ஆவது விநாடியில் உயர்ந்தது. கடைசிக் கை 14-ஆவது விநாடியில். யாருடைய கை எது என்று சொல்லமாட்டேன். இன்னொரு முறை செய்வோம்.

(மீண்டும் செய்தனர்.)

இந்த முறையும் ஏறக்குறைய அதே இடைவெளிதான். இன்னும் இருபது முறை செய்தாலும் யார் முந்தினோம், யார் பிந்தினோம் என்று தெரியாதவரை பெரிய மாற்றம் வராது. இப்போது மூன்றாவது முறை. கை தூக்கியவுடன் கண்ணைத் திறந்து, சுவரில் உள்ள கடிகாரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு நான்காவது முறை செய்வோம்.

(மீண்டும் இரு முறை செய்தனர்.)

பாருங்கள், நான்காவது முறையில் முதல் கை 9-இல், கடைசிக் கை 11-இல். ஒரே ஒரு தகவல் கிடைத்தது. மனம் தன்னைத் திருத்திக்கொண்டது.

பி.எட். படிப்பில் தார்ன்டைக் என்ற பெயரை நாம் எல்லோரும் எழுதித் தேறியிருக்கிறோம். பூனை, புதிர்ப் பெட்டி, விளைவு விதி. அதே தார்ன்டைக் 1927-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கண்ணைக் கட்டிக்கொண்டு குறித்த நீளத்தில் கோடு வரையச் சொன்னார். எத்தனை முறை வரைந்தாலும், முடிவைச் சொல்லாதபோது வரைந்தவர்கள் முன்னேறவில்லை. ‘சரி’, ‘தவறு’ என்று சொன்னபோது முன்னேறினார்கள். அது நீளம், நாம் இப்போது செய்தது நேரம். பாடம் ஒன்றே. வெறுமனே திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் போதாது. செய்ததன் விளைவு தெரிய வேண்டும்.

இங்கேதான் நான் வழுக்கினேன். தகவல் நல்லது என்றால் அதிகத் தகவல் அதிக நல்லது என்று எடுத்துக்கொண்டேன். நான் மட்டும் இல்லை. ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

அதிகமானால்?

1984-இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்ற மூவர் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் மறுபடி அலசினார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. பின்னூட்டம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் நன்றாகச் செய்கிறார். சரி. அதை நிறுத்திய பிறகு எப்படிச் செய்கிறார்? அதுதானே கற்றல்? அப்படிப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் பின்னூட்டம் பெற்றவர்கள் பயிற்சியில் மின்னினாலும், அது நின்றதும் தடுமாறக்கூடும் என்பது தெரிந்தது. பின்னூட்டம் வழிகாட்டுகிறது, அதே நேரம் ஊன்றுகோலாகவும் ஆகிவிடுகிறது. இதை ‘வழிகாட்டல் கருதுகோள்’ என்கிறார்கள்.

1990-இல் வின்ஸ்டீன், ஷ்மிட் இருவரும் இதைச் சோதித்தார்கள். நெம்புகோல் ஒன்றைக் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட விதமாக அசைக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முறையும் முடிவைச் சொன்னார்கள். மற்றொரு குழுவுக்குத் தொடக்கத்தில் அடிக்கடியும் போகப் போகக் குறைத்தும், மொத்தத்தில் பாதி முறை மட்டும் சொன்னார்கள். பயிற்சியின்போது பெரிய வேறுபாடு இல்லை. மறுநாள் ஒன்றும் சொல்லாமல் செய்யவிட்டபோது, பாதி கேட்டவர்களே மேலாகச் செய்தார்கள்.

அதே ஆண்டில் ஸ்வின்னனும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். அசைவு முடிந்த அதே கணத்தில் முடிவைப் பெற்றவர்களைவிட, சில விநாடி தாமதித்துப் பெற்றவர்கள் பிற்பாடு நன்றாகச் செய்தார்கள். ஏன்? அந்தச் சில விநாடியில்தான் ‘நான் எப்படிச் செய்தேன்?’ என்று கற்பவர் தன்னையே கேட்டுக்கொள்கிறார். நாம் உடனே வாயைத் திறந்தால் அந்தக் கேள்வி பிறப்பதற்கு முன்பே விடை வந்துவிடுகிறது.

வேனில் அந்தப் பிள்ளை சொன்னது என்ன? “நீங்க எண்ணவே இல்லையே.” ஆய்வுக் கட்டுரைகள் பல பக்கங்களில் சொன்னதை ஏழாம் வகுப்பு மாணவி ஒரே வரியில் சொல்லியிருந்தாள்.

மீட்டர் அளவுகோல் தேவையில்லை, முப்பது செ.மீ. போதும்

‘நேரம்’ என்பதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அதை நம் அறிவியல் வகுப்பில் உள்ள அளவுகோலே விளக்கிவிடும். ஒருவர் முப்பது செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்துச் சொல்லாமல் கீழே விட வேண்டும். இன்னொருவர் விரல்களால் அதைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. விழுந்த பிறகுதான் பிடிபடும். 20 செ.மீ. விழ ஆகும் நேரம் ஏறத்தாழ 0.2 விநாடி. கண்டு, மூளைக்குச் செய்தி போய், கை அசைவதற்குள் இவ்வளவு நேரம் போய்விடுகிறது.

எங்கள் கோலாட்டத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளி ஏறக்குறைய அரை விநாடி. நான் பிந்துவதைப் பார்த்து “அடி!” என்று கத்த எனக்கு 0.2 விநாடி. அதைக் கேட்டு அவள் அடிக்க மேலும் அதற்கு நெருக்கமான நேரம். என் சொல் அவள் கைக்குப் போய்ச் சேரும்போது அடுத்த தட்டே வந்துவிட்டிருக்கும். திருத்துவதாக நினைத்துக்கொண்டு அவளை நான் இன்னும் பிந்தவைத்தேன்.

ஆகவே விரைவான அசைவுகளில் பின்னூட்டம் ‘இந்த’ தட்டுக்கு உதவாது. ‘அடுத்த’ தட்டுக்குத்தான் உதவும். கோலைத் தட்டுவதும், துள்ளும் கயிற்றைத் தாண்டுவதும், பந்தைப் பிடிப்பதும் முன்கூட்டியே கணித்துச் செய்யும் வேலைகள். சிறுமூளை அசைவுகளை ஒருங்கிணைக்கிறது என்று நாம் பாடம் நடத்துகிறோம். எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு அடுத்த அசைவைத் திருத்துவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. வேறுபாட்டை உணர்வதற்குத் தசைகளும் மூட்டுகளும் காதும் கண்ணும் ஏற்கெனவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கின்றன. ஆசிரியரின் பின்னூட்டம் அந்தச் செய்திக்கு மேல் போடும் கூடுதல் செய்தி. அது முதல் செய்தியைத் தெளிவாக்க வேண்டும், அமுக்கிவிடக் கூடாது.

மறு ஆண்டு நான் மாற்றியவை

முதலில் செய்ய வேண்டியது பயிற்சி இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அந்த மாணவியைக் கூப்பிட்டேன். “அன்னைக்கு வேன்ல நான் பேசினது தப்பு. உனக்கு ஏறலைன்னு இல்லை, நான் சொல்லிக் கொடுத்த விதம் சரியில்லை” என்றேன். எல்லோர் முன்னாலும் திட்டியதால் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கோல்களை வாங்கிக்கொள்ளவும் இல்லை. “சரி, ஆட வேண்டாம். உக்காந்து கேக்கிறியா? எந்தச் சுத்துல சத்தம் ஒண்ணா கேட்டுச்சுன்னு மட்டும் சொல்லு” என்றேன். தலையாட்டினாள்.

அந்த ஆண்டு நான் கடைப்பிடித்தவை நான்கு.

ஒன்று, எண்ணுவதைப் படிப்படியாகக் குறைத்தேன். முதல் மூன்று நாள் முழுவதும் எண்ணினேன். புதிதாகக் கற்பவர்களுக்கு அது தேவை. நான்காம் நாள் முதல் ஒரு சுற்றுக்கு எண்ணினால் அடுத்த சுற்றுக்கு இல்லை. இரண்டாவது வாரத்தில் தொடக்கத்தில் நான்கு எண்ணிக்கை மட்டும். மூன்றாவது வாரத்தில் நான் மைதானத்தின் மறு கோடிக்கே போய்விட்டேன். இரண்டாவது வாரத்தில் ஆட்டம் முந்தைய ஆண்டைவிட மோசமாகத்தான் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். தலைமை ஆசிரியர் கவலையோடு விசாரித்தார். “பொறுங்க சார்” என்றேன். எனக்குள்ளும் உதறல்தான்.

இரண்டு, கேட்ட பிறகே சொன்னேன். சுற்று முடிந்ததும் மூன்று விநாடி ஒன்றும் பேசமாட்டேன். பிறகு, “சத்தம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். “நகரும்போது சிதறுச்சு டீச்சர்.” “யாரு முந்தினது?” “நான்தான்.” பெரும்பாலும் நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

மூன்று, சிறிய பிழைகளை விட்டுவிட்டேன். ஷெர்வுட் என்பவர் 1988-இல் நடத்திய ஆய்வு ஒன்று இருக்கிறது. முழங்கையை மடக்கும் அசைவை 200 மில்லி விநாடியில் முடிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு எவ்வளவு சிறிய பிழையானாலும் சொன்னார்கள். இன்னொரு குழுவுக்குப் பிழை 10 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் சொன்னார்கள். பேசாமல் இருந்தால் சரியாகச் செய்ததாகப் பொருள். பின்னூட்டம் நின்ற பிறகு இரண்டாவது குழுவின் அசைவே சீராக இருந்தது. மிகச் சிறிய பிழையையும் சொன்னால், கற்பவர் ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார், நிலைக்கமாட்டார். நம் மௌனத்துக்கும் ‘சரி’ என்ற பொருள் உண்டு. ஆனால் அதை முதலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் டீச்சர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான்கு, சொல்லும்போது திசையோடு சொன்னேன். “சரியா அடி”, “கவனமா ஆடு” என்பவற்றில் தகவல் எதுவும் இல்லை. அவை வெறும் அதட்டல். “மூணாவது தட்டுல முந்திட்டே”, “நகர்ந்த பிறகு அரைத் தட்டு பிந்துது” என்றால் அடுத்த முறை எந்தப் பக்கம் திருத்த வேண்டும் என்று தெரியும்.

இன்னொன்றும் கவனித்தேன். சிவியாகோவ்ஸ்கி, வுல்ஃப் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், விசைகளைக் குறித்த நேர இடைவெளியில் அழுத்தப் பழகியவர்களிடம், எப்போது முடிவு வேண்டுமோ அப்போது கேளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அவர்கள் பெரும்பாலும் தாங்கள் நன்றாகச் செய்ததாகக் கருதிய முயற்சிக்குப் பிறகே கேட்டார்கள். எங்கள் மைதானத்திலும் அப்படித்தான். “டீச்சர், இப்ப வந்தது சரிதானே?” என்று ஓடிவந்தவர்கள் எல்லாம் ஒலி சேர்ந்து விழுந்த சுற்றுக்குப் பிறகுதான் வந்தார்கள். தான் சரியாகச் செய்ததை உறுதிப்படுத்திக்கொள்ளும் ஆசை குழந்தைக்கு இருக்கிறது. நாமோ தவறும்போது மட்டும் வாயைத் திறக்கிறோம்.

வட்டத்துக்குள் திரும்பியவள்

உட்கார்ந்து கேட்ட அந்த மாணவி முதல் சில நாள் விரலைக் காட்டுவாள். “ரெண்டாவது சுத்து.” அவ்வளவுதான். பிறகு, “மூணாவது சுத்துல வெளிவட்டத்துல யாரோ முந்துறாங்க” என்றாள். ஒரு வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டே எந்த இணை பிந்துகிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு பேரிலும் இந்தக் காது யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. முந்தைய ஆண்டு நான் கத்திக் கத்தி அடக்கிவைத்தது இந்தக் காதைத்தான் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் வெளிவட்டத்தில் ஒருத்தி காய்ச்சலால் வரவில்லை. நான் யாரையும் கேட்கவில்லை. அவளே எழுந்து, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் மேசையில் ஓராண்டாக இருந்த கோல்களை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் நின்றாள்.

அந்த ஆண்டு போட்டியிலும் நான் கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றேன். ஐந்தாவது சுற்றில் அவள் மறுபடி ஒரு தட்டு தவறவிட்டாள். என் நெஞ்சு அடைத்தது. அவள் தலையைத் திருப்பவில்லை. கோல்களை மார்புக்கு நேரே பிடித்தபடி ஒரு தட்டு சும்மா விட்டாள், காதால் பிடித்துக்கொண்டாள், அடுத்த தட்டில் சேர்ந்துவிட்டாள். நடுவர்கள் அதைக் கவனித்தார்களோ என்னவோ, எங்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. மற்றப் பள்ளிகள் எங்களைவிட நன்றாகவே ஆடின. ஆனால் தவறவிட்ட தட்டுக்கும் சேர்ந்துகொண்ட தட்டுக்கும் இடையே நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். வேனில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, “ஒண்ணு விட்டேன் டீச்சர், பிடிச்சுட்டேன்” என்றாள்.

எச்சரிக்கையாகச் சில

இதையெல்லாம் கேட்டுவிட்டு, இனிமேல் வாயே திறக்கக் கூடாது என்று யாரும் முடிவெடுத்துவிட வேண்டாம். ஆபத்து உள்ள இடத்தில் காத்திருக்கக் கூடாது. குண்டு எறிதலில் ஒரு பிள்ளை குறுக்கே ஓடினாலோ, சாராய விளக்கின் அருகே துப்பட்டா தொங்கினாலோ உடனே கத்தத்தான் வேண்டும். அசைவின் வடிவமே தெரியாத தொடக்க நிலையிலும் பிள்ளைக்கு நம் சொல் அதிகம் வேண்டும். செய்து காட்டலும் வேண்டும். குறைப்பது அதற்குப் பிறகு. குறைப்பதைப் படிப்படியாகச் செய்யாமல் திடீரென்று கைவிட்டால் பிள்ளைகள் தவித்துப்போவார்கள்.

செவித்திறன் குறைந்த குழந்தை குழுவில் இருந்தால் ஒலியை மட்டும் நம்ப முடியாது. கோல் மோதும்போது உள்ளங்கையில் எழும் அதிர்வு இருக்கிறது. எதிரில் இருப்பவரின் தோள் அசைவு இருக்கிறது. எந்த வழியில் அந்தக் குழந்தைக்குச் செய்தி போகிறது என்று கண்டுபிடித்து, அதைக் கவனிக்கப் பழக்க வேண்டும்.

கோலாட்டம் இல்லாத பள்ளிகளிலும் இதற்கு இடம் உண்டு. துள்ளுகயிறு தரையில் படும் ஒலி. தொடர் ஓட்டத்தில் கோலை வாங்குபவரின் கையில் அது பதியும் அழுத்தம். தனி ஊசல் சோதனையில் நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல். எங்கள் எட்டாம் வகுப்பில் இருபது அலைவுகளுக்கான நேரத்தை இருவர் தனித்தனியே அளப்பார்கள். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு ஏன் என்று அவர்களே முதலில் சொல்வார்கள். நான் பிறகுதான் பேசுவேன். அதே மூன்று விநாடி.

அந்த மூன்று விநாடி எளிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு ஆண்டுகள் பேசிப் பழகிய வாய். இப்போதும் ஒரு பிள்ளை தடுமாறினால் எனக்கு முன் என் நாக்கு ஓடிவிடுகிறது. நாக்கை அடக்கும் நேரமும் புதிதாகக் கற்க வேண்டிய ஒரு அசைவுதான் போலிருக்கிறது. அதற்கு என் பிள்ளைகளே பின்னூட்டம் தருகிறார்கள். “டீச்சர், நாங்களே சொல்றோம்” என்று ஒருநாள் ஆறாம் வகுப்பு மாணவன் சொன்னான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

நாளைக் காலை உங்கள் வகுப்பிலோ மைதானத்திலோ ஒரே ஒரு குழந்தையிடம் இதைச் செய்து பாருங்கள். அவள் செய்து முடித்ததும் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். பிறகு, “உனக்கு எப்படி இருந்துச்சு?” என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை வைத்து நீங்கள் பேச வேண்டியதை முடிவு செய்யுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வோம்.